ஓலையைத் திருப்பிப் பார்த்தவர்

மலைமேல் சக்குபள்ளத்திலிருந்து போன் வந்தபோது நான் கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். பேசியவர் ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர். "நம்ம பூச்சி சார் தவறிட்டாரு சார். ஏலச்செடிக்கு அடியில நத்தை பாக்கக் குனிஞ்சவரு எந்திரிக்கவே இல்ல," என்றார். "எந்தப் பூச்சி சார்?" என்று கேட்டேன். யாரென்று தெரிந்துதான் கேட்டேன். வேறு யாராவதாக இருக்கட்டுமே என்றிருந்தது.

என் சகலை நஞ்சப்பன் போய்விட்டார். என் மனைவியின் அக்காளை மணந்தவர். எங்கிருந்தோ கடல் தாண்டி வந்து நம் பயிர்களில் குடியேறிவிடும் பூச்சிகளையும் நத்தைகளையும் தேடிக் கண்டுபிடித்து, அவை பரவாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய உத்தியோகம். கல்யாணத்துக்கு வந்தாலும் பந்தலில் கட்டிய வாழையின் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். "பொண்ணு மாப்பிள்ளையப் பாக்க வந்தீங்களா, பூச்சியப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டால், "ரெண்டும் உங்க ஊட்டுலதானுங்க இருக்குது," என்பார்.

ஊரே மருந்து என்று சொல்வதை அவர் மட்டும் நஞ்சு என்பார். "பேருலயே நஞ்ச வெச்சுக்கிட்டு, ஊருக்கு வேண்டாங்கறீங்களே!" என்று சீண்டுவேன். "அதனாலதானுங்க சகலை, அதோட கொணம் எனக்குத் தெரியும்," என்று சிரிப்பார். இந்தச் சிரிப்பெல்லாம் வெள்ளை ஈ வரும்வரைதான்.

அந்த வருஷம் தென்னை ஓலைகளின் அடிப்பக்கம் மாவு கொட்டினாற்போல் வெளுத்தது. ஈ கழிக்கும் இனிப்பு நீர் கீழ் மட்டைகளில் சொட்டி, அதில் பூஞ்சை பிடித்து, தோப்பெல்லாம் கரியப்பிக் கிடந்தது. குரும்பை உதிர்ந்தது. ஒரே நாளில் எல்லாத் தோப்புக்கும் மருந்தடிப்பது என்று ஊர் முடிவு செய்தது. டிராக்டரில் பூட்டிய பெரிய ஸ்பிரேயர் ஒன்று வாடகைக்கு வந்து, பக்கத்துத் தோப்பு ஆறுச்சாமி அண்ணன் களத்தில் நின்றது.

நஞ்சப்பன் என் தோப்புக்கு வந்து ஒரு மட்டையைத் திருப்பினார். முகம் மலர்ந்தது. "சகலை, நம்ம ஆளு வந்துட்டானுங்க!" வெள்ளைக்கு நடுவே சில கருப்புப் புள்ளிகள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடுமாம். முட்டை புகுந்த குஞ்சு கருத்துவிடுமாம். ஒவ்வொரு கருப்புக்குள்ளிருந்தும் இன்னொரு குளவி வருமாம். மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான் என்றார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தோப்பில் புகை எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஆறுச்சாமி அண்ணன் மட்டைகளை வெட்டிக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார். "இத்தன நாளு மேலதான் கருப்பு இருந்துதுங்க. இப்ப அடியிலயும் ஏறிருச்சு. பரவறதுக்குள்ள கொளுத்திப்போடோணும்." அடியில் கருத்த மட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கி வெட்டியிருந்தார். பூசாரி பேயை விட்டுவிட்டுச் சாமியை விரட்டின கதைதான்.

நஞ்சப்பன் பாய்ந்தார். நெருப்புக்குள் கையை விட்டு எரிகிற மட்டையை இழுத்தார். வலது உள்ளங்கை வெந்துபோனது. "உங்களுக்கென்ன பைத்தியமுங்களா?" என்று ஆறுச்சாமி அண்ணன் கத்தினார். "அண்ணா, மேல இருக்கறது கரி. கஞ்சித்தண்ணி அடிச்சாப் பேந்துரும். அடியில இருக்கறது நம்ம ஆளுங்க. நம்ம ஆளையே கொளுத்தறீங்களே!" என்றார் இவர்.

ஊர் கூடியது. "உங்களுக்கு மாசமானாச் சம்பளம் வருது. எங்களுக்குக் காய் வந்தாத்தான் சோறு," என்றார் ஆறுச்சாமி அண்ணன். அதில் பொய் இல்லை. நஞ்சப்பன் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு, "அடுத்த காய்வெட்டு வரைக்கும் பொறுங்க. தேறலீன்னா அந்த டிராக்டர நானே ஓட்டறனுங்க," என்றார். ஊர் முறைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டது.

முறைப்பெல்லாம் என் மேல்தான். அவர் என் சகலை; சோதனை நடப்பது என் தோப்பில். தவறினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது, அந்த வருஷச் சாப்பாடும் போச்சு. தார்ப்பாய் போர்த்திய டிராக்டரைத் தாண்டித்தான் தினமும் தோப்புக்குப் போகவேண்டும். விழுந்த குரும்பையைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டுவேன். அவரோ கட்டுப்போட்ட கையோடு, கருப்புப் புள்ளி இருந்த ஓலைத் துண்டுகளை மரம் மரமாகக் கட்டிக்கொண்டு திரிந்தார். "ஒங்க ஆராய்ச்சிக்கு என்ற தோப்புத்தான் கெடச்சுதுங்களா?" என்று ஒரு நாள் கத்தியேவிட்டேன். அவர் மட்டையைத் திருப்பிப் பிடித்தபடி, "எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது சகலை," என்றார். படித்தவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கிலியைக் கொடுத்தது.

ஒரு காலையில் தோப்புக்குள்ளிருந்து கூப்பாடு போட்டார். போய்ப் பார்த்தேன். வெள்ளையைவிடக் கருப்பு அதிகமாகியிருந்தது. லென்ஸைக் கொடுத்தார். ஒவ்வொரு கருப்பிலும் ஊசி குத்தினாற்போல் துளை. குளவி வெளியேறிய வழி. வெட்டு வந்தபோது காய் குறைவுதான். ஆனால் குருத்தோலை பச்சையாக விரிந்திருந்தது, பிஞ்சு நின்றது. டிராக்டர் திரும்பிப் போயிற்று. ஆறுச்சாமி அண்ணன், "செரி, போகட்டுமுங்க," என்றதோடு சரி.

நான் விருந்து வைக்கப் பார்த்தேன். அவர் தடுத்துவிட்டார். "வந்தது போகாதுங்க. கோடையில மறுபடி தலை தூக்கும். திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருக்கோணும்." அவர் சொன்னபடிதான் இன்றுவரை நடக்கிறது.

ஓய்வு பெற்றும் ஓயவில்லை. ஏலத்தோட்டங்களில் ஆப்பிரிக்க நத்தை புகுந்துவிட்டது என்று சக்குபள்ளத்துக்குப் போனார். கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியில் நாற்று ஏற்றிய ஜீப்புகளை நிறுத்தி, வேர்மண்ணில் நத்தை முட்டை இருக்கிறதா என்று கிளறுவாராம். திட்டும் வாங்குவாராம். போனில் அதைச் சொல்லிச் சிரிப்பார். போதும், வீட்டோடு இருங்கள் என்று நான் எத்தனை முறை சொன்னேன்! கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

உடலை ஊருக்குக் கொண்டுவந்தோம். பாடைக்குப் பச்சைத் தென்னோலை வேண்டும். என் தோப்பிலிருந்துதான் வெட்டவேண்டும் என்றேன். அரிவாளோடு முன்னால் போனவர் ஆறுச்சாமி அண்ணன். வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். "பொழுது எறங்குது, சீக்கிரமாகட்டும்," என்று வீட்டில் அவசரப்படுத்தினார்கள். எரிச்சலோடு தேடிப் போனேன். அண்ணன் ஏணிமேல் நின்று, ஒரு மட்டையைத் திருப்பிப் பார்த்து விட்டுவிட்டு, அடுத்ததைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, பாடைக்குப் போற ஓலைக்கு என்ன பாக்கறீங்க?"

"நெருப்புக்குப் போறதுங்க. இதுல கருப்பு இருக்குது," என்றார். "அவரு கூடவே அவரு ஆளையும் கொளுத்தச் சொல்றீங்களா?"

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மரம் மரமாக ஏறி, சுத்தமான மட்டைகளாகத் தேடி வெட்டிப் போட்டார். வீட்டில் எவ்வளவு கத்தினாலும் அவசரப்படவில்லை. வாய்க்கரிசி போடும்போது சகலையின் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். தழும்பு அப்படியே இருந்தது.

போயிட்டு வாங்க சகலை. நம்ம ஆளை நாங்க பாத்துக்கறமுங்க.