உயரமாக நிற்கும் ஒரு மெழுகுவத்தி

அவிநாசி பேருந்து நிலையம். சேவூர் வண்டிக்காக நிற்கிறேன். பக்கத்தில் நிற்கும் பெண் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். காலையிலேயே மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருக்கிறார். நீதிபோதனை வகுப்பில் எல்லா மதங்களைப் பற்றியும் சொல்லித்தரலாமா என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்களாம்.

"நீங்க என்ன சொல்லப்போறீங்க?" என்கிறேன்.

"எங்க ஊட்டுக்காரரு வேண்டாங்கறாருங்க. புள்ள மனசு மாறிப்போயிருமாமா. நான் வேணும்னுதானுங்க கையெழுத்துப் போடப்போறேன்."

காரணத்தையும் சொல்கிறார். போன மாதம் வந்த ஏற்றுமதி ஆர்டரில் பனியனின் நெஞ்சில் ஒன்பது மெழுகுவத்திகள் அச்சிடப்பட்டிருந்தன. எட்டு ஒரே உயரம். நடுவிலிருப்பது மட்டும் உயரமாக நின்றது. பிரிண்ட் பிசகிவிட்டது என்று நினைத்து, மேசையைச் சுற்றி நின்ற இந்துப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் ஒரு பீஸ் விடாமல் டேமேஜ் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வந்த மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டாராம். அது யூதர்களின் பண்டிகை விளக்கு. அப்படித்தான் இருக்குமாம்.

"ஒருத்தரு சாமி காரியத்தைப் போயி டேமேஜ்னு தூக்கிப் போட்டிருக்கறனுங்க. எம்புள்ளயும் அப்படிப் போடக்கூடாதில்லீங்க?"

வண்டி வருகிறது. படியில் கால் வைத்தவர் திரும்புகிறார்.

"ஏனுங்க, அந்த ஒண்ணு மட்டும் எதுக்குங்க உசரமா இருக்குது?"

தெரியவில்லை என்கிறேன். என் கண்ணாடியையும் தோள்பையையும் ஒருமுறை பார்க்கிறார்.

"நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துலயும் சொல்லித்தரலீங்களா?"