கழுத்தடியில் ஒரு துண்டு

சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் தோர்த்துத் துண்டு அது. நீளவாக்கில் மடித்து, இறுகச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். கழுத்து வலியோடு யார் வந்தாலும் சேச்சி முதலில் அதைத்தான் கழுத்தடியில் வைப்பார். வைத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைவிரல்களையும் பிடரிக்குக் கீழே நுழைத்துச் சும்மா இருப்பார். வலிக்கிற இடத்தை நோயாளி சொல்வதற்கு முன் அந்த விரல்கள் போய் நின்றுவிடும். இரண்டு வருடமாக அந்தத் துண்டு என் பீரோவில் இருந்தது. திருடியதல்ல. ஆனால் திருடி வைத்ததைப் போலத்தான் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

சேச்சியும் நானும் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரே ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி பிரிவில், அடுத்தடுத்த கட்டில்களில் ஆறு வருடம் வேலை செய்தோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்; அக்கா என்பதற்குப் பதில் ஊர் வழக்கப்படி சேச்சி. இரண்டு பேரும் பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். நோயாளிகளோடும் டாக்டர்களோடும் மலையாளம். எங்களுக்குள் மட்டும் தமிழ். மாமியார் கதை, சம்பளக் குறை, டாக்டரின் கோபம் எல்லாம் அவர்கள் காதுபடவே தமிழில் பேசித் தீர்ப்போம். நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது என் கழுத்தை ஒரு மாதம் பார்த்ததும் அவர்தான். பிறகு நான் புதிதாகத் திறந்த ஒரு முதுகெலும்பு கிளினிக்குக்கு மாறினேன். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி அந்தப் பிரிவையே மூடிவிட, ஐம்பதை நெருங்கும் வயதில் சேச்சி வேலை தேட வேண்டியதாயிற்று.

அந்த நேரம் பார்த்து ஊரில் எல்லோருக்கும் கைரோபிராக்டர் வேண்டியிருந்தது. முடி வெட்டி முடித்ததும் சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பார்களே, அதற்கு உறவான வேலைதான்; ஆனால் முறையாகச் செய்ய வருடக்கணக்கில் படிக்க வேண்டும். அப்படிப் படித்தவர்கள் இங்கே விரல்விட்டு எண்ணும்படிதான். ஆகவே பிசியோதெரபிஸ்ட்டுகள் வார இறுதிப் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கேமரா முன் தயக்கம் கூடாது, வயது முப்பத்தைந்துக்குள் என்று விளம்பரம் வரும். எங்கள் கிளினிக் விளம்பரத்தை எழுதியதே நான்தான். நோயாளியின் காலரில் மைக் மாட்டி, எலும்பு சொடுக்கும் சத்தத்தை வீடியோவாகப் போட்டால் கூட்டம் வருகிறது என்பது எங்கள் முதலாளி கண்ட உண்மை. வேலைக்கு வருகிறவர்களை அவர் சோதிப்பதும் அப்படித்தான். மைக் மாட்டிய கழுத்தில் சத்தம் வந்தால் வேலை.

சேச்சியும் எறணாகுளத்தில் அந்தப் பயிற்சிக்குப் போனார். மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினார். வயது வரம்பைக் கொஞ்சம் தளர்த்தும்படி முதலாளியிடம் நான்தான் கெஞ்சினேன். சேச்சியின் மகளுக்கு நர்சிங் இரண்டாம் வருடம். இந்த வேலை இல்லாவிட்டால் படிப்பு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை நான் நல்லவள்தான்.

அன்று சேச்சி ஐந்தாவது ஆள். சோதனைக்குப் படுத்துக்கொண்டிருந்த ரிசப்ஷன் பெண், நாலு பேர் திருகிய கழுத்தை இனி யாருக்கும் தரமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். நான் படுக்கிறேன் என்றேன். அவருக்குப் பழகிய கழுத்து, எளிதாக முடித்துவிடுவார் என்று நினைத்தேன். மூன்று மாதமாக என் இடது கை விரல்கள் மரத்துப்போவதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தலைமைத் தெரபிஸ்ட் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கழுத்து கெட்டவளை யார் அந்த நாற்காலியில் வைத்திருப்பார்கள்?

சேச்சி பையிலிருந்து துண்டை எடுத்து என் கழுத்தடியில் வைத்தார். விரல்கள் உள்ளே போயின. ஓரிடத்தில் நின்றன. குனிந்து, தாழ்ந்த குரலில், தமிழில் கேட்டார்.

"எடது கைவெரல் மரக்கறதுண்டோடி? உள்ளதைச் சொல்லு."

முதலாளிக்குப் புரியக் கூடாது என்றுதான் தமிழில் கேட்டார். என்னைக் காப்பாற்றத்தான். அவர் கேட்டது எனக்கு மட்டும்.

"எந்தா?" என்றார் முதலாளி.

"ஒந்நுமில்ல சார்," என்று நான் உரக்கச் சொன்னேன், மலையாளத்தில். "எனிக்கொரு குழப்பவுமில்ல." எனக்கு ஒரு கோளாறும் இல்லை என்று.

சேச்சி கையை எடுத்துவிட்டார். இந்தக் கழுத்தைத் திருப்ப மாட்டேன், வேறு யாரையாவது காட்டுங்கள், செய்கிறேன் என்றார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். தைரியம் இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு ஆக மாட்டார் என்றார். சேச்சி என்னைப் பார்த்தார். நான் என் காலரில் இருந்த மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு படிவத்தில் நிராகரித்த காரணம் எழுதும் கட்டத்தை நிரப்பச் சொன்னார்கள். 'தன்னம்பிக்கை இல்லை, பயம்' என்று என் கையெழுத்தில் எழுதினேன். துண்டு கட்டிலிலேயே கிடந்தது.

அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதென்றால்கூடக் கடைவீதி வழியாகச் சுற்றித்தான் போவேன். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடைக்குப் போவதாக யாரோ சொன்னார்கள். கேட்காத மாதிரி இருந்தேன். போன மாதம் சாயா கிளாஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது. விழுந்து உடைந்த பிறகுதான் நழுவியதே தெரிந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர், நரம்பு நசுங்கியிருக்கிறது, இந்தக் கழுத்தை யாரும் திருகாமல் விட்டது உங்கள் நல்ல காலம் என்றார். வெட்கமாக இருந்தது. அவர் பாராட்டியது யாரை என்று அவருக்குத் தெரியாது.

நேற்று மாலை துண்டை எடுத்துக்கொண்டு போனேன். சேச்சி இப்போது படுத்த படுக்கையான கிழவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கைகால் அசைத்துவிடுகிறார். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாடி மோளே. ரொம்ப இளைச்சுட்டயே," என்று பெஞ்சில் படுக்கச் சொன்னார். துண்டைச் சுருட்டிக் கழுத்தடியில் வைத்தார். "மரக்கறதுண்டோ?"

"உண்டு சேச்சி. அன்னிக்கும் இருந்தது."

"எனக்குத் தெரியாதா? உன் கழுத்துக்கு வேணும்னுதானே துண்டை விட்டுட்டு வந்தேன்."

நான் அழுதேன். மன்னிப்பும் கேட்டேன். சேச்சி என் பிடரிக்குக் கீழே விரல்களை நுழைத்தார். பிறகு, கேட்கக் கூச்சப்படுகிறவரைப் போலக் கேட்டார்.

"அப்புறமா நாலஞ்சு எடத்துல கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் உங்க கிளினிக்குக்கு போன் பண்ணி விசாரிப்பா. அப்புறம் கூப்பிட மாட்டா. அன்னிக்கு என்னைப் பத்தி சார் என்ன எழுதினார்னு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது சேச்சி," என்றேன்.

இந்த முறை தமிழில்தான் சொன்னேன். என் கழுத்தடியில் அந்த விரல்கள் ஓரிடத்தில் நின்றன. பிறகு துண்டைச் சரியாக நகர்த்தி வைத்தன.