த்வினாக்காரர்

மீசை அரும்பும் வயதில் அனுப்ரேய் பெலாரூஸ் காட்டிலிருந்து மரத்தெப்பத்தோடு ஆற்றில் வந்தார். ரீகா நகரத்துக்குப் போகவேண்டிய மரம். வழியில், லாத்வியாவில், பாறையில் மோதித் தெப்பம் சிதறியது. அவருடைய கால் நசுங்கியது. கூட வந்தவர்கள் கரையோரத்து வீடொன்றில் அவரைப் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். காலைக் கட்டி, கஞ்சி ஊட்டிய அந்த வீட்டுப் பெண் அப்பலோனியாவையே பிறகு கட்டிக்கொண்டார். போர் வந்தது, எல்லை வந்தது. ஊர் திரும்பவும் இல்லை, ஊருக்குச் சேதி போகவும் இல்லை.

ஆறு ஒன்றுதான். அவர் ஊரில் அது த்வினா, இங்கே தௌகவா. அவர் வாய்தவறி த்வினா என்னும்போதெல்லாம் மாமனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திருத்துவார். ஊர்க்காரர்களுக்கோ அவர் ‘த்வினாக்காரன்’. அப்பலோனியா மட்டும், இருவரும் தனியே வலை இழுக்கும்போது, அவருக்காகத் த்வினா என்பாள். பிள்ளைகள் இல்லை. காய்ச்சலில் அவளும் போனபின், பசுவை அதட்டுவதைத் தவிர அவருக்குப் பேச்சே இல்லாமல் போயிற்று.

ஒரு வசந்தத்தில் அவர் வீட்டுக்குக் கீழே தெப்பங்கள் ஒதுங்கின. காதில் விழுந்தது அவருடைய ஊர்ப் பேச்சு. புகையிட்ட மீனும் கறுப்பு ரொட்டியும் எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து இறங்கினார்.

“தௌகவால இந்த வருஷம் தண்ணி ஜாஸ்தி, பாத்துப் போங்கப்பா” என்றார்.

தெப்பத் தலைவன் சிரித்தான். “நம்ம பேச்சு நல்லாத்தான் பேசுறீரு பெரியவரே. எங்க கத்துக்கிட்டீரு?”

அனுப்ரேய் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே விதவை மாரூசியாவைத் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியாம என்ன, பக்கத்து வீடு. போன குளிர்காலத்துல போய்ச் சேந்துட்டா. அவ பையன் ஒருத்தன் தெப்பத்துல வந்து செத்துட்டானாம். கரையில சிலுவை நட்டு வெச்சிருந்தா. கேட்டா, நான் அழுது முடிச்சுட்டேன்னுவா.”

“அந்தப் பையன் நான்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. தலைவன் அவர் முகத்தையே பார்த்தான். ஊரில் சொல்லவா என்று மெல்லக் கேட்டான்.

“யாருகிட்டப்பா சொல்லுவ?”

அவர்கள் அவரை நெருப்பருகே உட்காரவைத்தார்கள். அவர் ரொட்டியைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். அம்மா கடைசியில் நோயில் கிடந்தாளா, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். விடிந்ததும் தெப்பங்கள் போய்விட்டன. அவர் மேடேறிப் போய் பசுவுக்குத் தண்ணீர் காட்டினார்.