சுரைப்பூவுக்குப் பவுடர் போட்ட சிலை அண்ணன்

சலூன் வைத்திருக்கும் அவரைத் தெருவே 'சிலை அண்ணன்' என்றுதான் கூப்பிடும். கத்தி கைக்கு வந்துவிட்டால் மனிதர் இருமமாட்டார், தும்மமாட்டார். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும், அது பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று நிற்பார். அடுத்தவர் கழுத்து கையில் இருக்கும்போது ஆடலாமா?

அதே மனிதரைச் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். காலை உதறுவார், தன் கழுத்தில் தானே அறைந்துகொள்வார், முதுகுக்குக் கை எட்டாமல் ஒரு சுற்றுச் சுற்றுவார். எல்லாம் கொசு ஆட்டி வைக்கிற ஆட்டம். கொசுவுக்குப் பயந்து உள்ளே போய்விடலாம்தான். ஆனால் சுரைப்பூ விரிவதே அந்த நேரத்தில்தானே!

ஆமாம், பந்தல் போட்டுச் சுரைக்கொடி வளர்த்தார். இலை குடை குடையாக இருந்தது, பூவும் வெள்ளை வெளேரென்று பூத்தது. காய்தான் இல்லை. சுற்றிலும் மாடிக் கட்டடங்கள். ஒரு வண்டு, ஓர் அந்துப்பூச்சி எட்டிப் பார்த்தால்தானே ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேரும்? வந்ததெல்லாம் கொசு. பெண் பூவுக்கு அடியில் கட்டைவிரல் அளவில் இருந்த பிஞ்சுகள் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துகொண்டே இருந்தன.

மனைவிக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். சலூன் துண்டுகளைக் காயப்போடுகிற அளவுக்கு வெயில் விழுவது அங்கே மட்டும்தான். "வெறும் இலையை வச்சு என்னங்க பண்றது? ஒரே ஒரு காய் காட்டுங்க. இல்லைன்னா ஞாயித்துக்கிழமை பந்தலைப் பிரிச்சுட்டுக் கயிறு கட்டிடுவேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். மனிதர் காலமெல்லாம் வெட்டுகிற வேலையே பார்த்தவர். தன் கையால் வளர்ந்தது என்று சொல்லிக்கொள்ள இந்தக் கொடி ஒன்றுதான்.

விதைக் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். "மெத்துனு ஒரு பிரஷ் எடுத்து ஆண் பூவுல தடவி, அப்படியே பெண் பூவுல தடவுங்க."

பிரஷ்ஷுக்கா பஞ்சம்? முடி வெட்டியதும் கழுத்தைத் தட்டிவிடுகிற பிரஷ் எதற்கு இருக்கிறது! அன்று சாயங்காலமே, சலூனுக்கு வருகிறவர்களுக்குப் போர்த்துகிற துணியைத் தானே போர்த்திக்கொண்டு, பூ பூவாகத் தடவினார். கொசு துணிக்குள் புகுந்து கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் தடவினார். பிஞ்சு விழுவது மட்டும் நிற்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் விரிந்தது ஒரே ஒரு பெண் பூ. அவர் பிரஷ்ஷோடு குனிந்தார். வேடிக்கை பார்க்க வந்து நின்ற மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"கொஞ்சம் இருங்க. தோட்டத்துல என்னங்க பவுடர் வாசனை?"

அவர் பிரஷ்ஷைத் தட்டிப் பார்த்தார். குபீரென்று வெள்ளையாகக் கிளம்பியது. ஊர்க் கழுத்துக்கெல்லாம் போட்ட பவுடர்!

"அடக் கடவுளே! இத்தனை நாளா பூவுக்குப் பவுடர் பூசி விட்டிருக்கேனே!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கு அழுகையும் வந்தது, ஆவேசமும் வந்தது. பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தார். ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுவில் இருந்த மகரந்தத்தோடு பெண் பூவை நெருங்கினார். வலது கையில் ஆண் பூ, இடது கையில் பெண் பூவின் காம்பு. கை கொஞ்சம் உதறினால் பிஞ்சு ஒடிந்து வந்துவிடும். கொசுக்களுக்கு இது எப்படித்தான் தெரிந்ததோ, படை திரட்டிக்கொண்டு வந்துவிட்டன. அவர் முழங்கால் ஆடத் தொடங்கியது.

"ஆடாதீங்க! கையில கத்தி இருக்குன்னு நினைச்சுக்கோங்க!"

சட்டென்று சிலையானார். காதில் ஒன்று கடித்தது, இமையில் ஒன்று. அசையவில்லை. பந்தலைப் பிரிக்க வேண்டியவளுக்கே மனசு கேட்கவில்லை. துண்டு ஒன்றை எடுத்து வீசு வீசென்று வீசினாள். அதற்கும் அடங்காத ஒன்றைக் கன்னத்தில் பளாரென்று அடித்தாள்.

"கொசுங்க" என்றாள்.

பிடரியில் இன்னொன்று விழுந்தது.

"இதுவும் கொசுதானா?" உதடு அசையாமல் கேட்டார்.

"இது பவுடருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கென்று பார்த்து அவளுக்குக் கயிறு எங்கே வைத்தோம் என்பது மறந்துவிட்டது. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், பஸ் டிரைவர் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் முடிந்திருந்தது. வேலை நேரத்தில் சலூன் பக்கமே எட்டிப் பார்க்காத மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏங்க! காய் பிடிச்சு, தலையைக் கவுத்துடுச்சுங்க! என் உள்ளங்கை நீளம் வந்துடுச்சு!"

சிலை அண்ணனின் கை நடுங்கியது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நடுங்காத கை. பதறிப்போய்க் கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, எனக்கு மீதி முகம்?" என்றார் டிரைவர்.

"அது எங்கயும் போகாது. நீங்களும் வாங்க!"

பந்தலின் கீழ் மூன்று பேரும் அண்ணாந்து நின்றார்கள். இளம்பச்சையாக, பூனைமயிர் மினுமினுக்கத் தொங்கியது காய். அவருக்குத் தொடக்கூடத் துணிச்சல் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"வெட்டுற கையில வளர்ந்திருக்கு, பாருங்க" என்றார்.

அப்போது டிரைவரின் நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்தது. அவர் அடிக்கக் கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க, காய் மேல கை பட்டுடும்!" கணவனும் மனைவியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்க, பாதி முகம் சோப்பு நுரையோடு டிரைவரும் சிலையாக நின்றார்.