நடுக்கட்டத்துப் பிள்ளையார்

செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, எக்செல் திரையின் முதல் வரிசையில் நடுக்கட்டமாகப் பார்த்து ‘2’ என்று தட்டுவாள் பூமயில். அந்தக் கீபோர்டில் தமிழ் எழுத்து கிடையாது. பிள்ளையார் சுழி மாதிரி இருப்பது இரண்டு ஒன்றுதான். பரீட்சைத் தாளோ பஸ் பாஸ் மனுவோ, சுழி போடாமல் அவள் கை நகராது. மிஷினுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

தொண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சீனி முகம்மது நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் மிஷின் மூன்று, பி.காம் படிக்கிற பிள்ளைகள் பதினோரு பேர். மற்றவர்கள் ஃபைலுக்குப் பேர் வைக்காமல் விட்டுவிட்டு, ஒருவர் வேலையை ஒருவர் அழித்துச் சண்டை போடுவார்கள். பூமயில் முதல் நாளே தன் பேரைப் போட்டுச் சேமித்துவிட்டாள்.

“என் வேலை என் பேர்ல கெடக்கட்டும். எவளும் தொடக்கூடாது.”

ஒல்லியான பெண். விடியக்காலை களத்தில் மிளகாய் காயப்போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். எவ்வளவு அரித்தாலும் கண்ணில் மட்டும் கை வைக்க மாட்டாள். எந்தத் தொகையையும் விரல் மடக்காமல் மனசுக்குள்ளேயே கூட்டுவாள். வம்பு அங்கேதான் வந்தது. போன மாதப் பரீட்சையில், மண்டிக்கு வந்த மிளகாய் மூட்டை 214 என்றது அவள் மனசு. மிஷின் 216 என்றது.

“மிஷினு பொய் சொல்லுது சார். எப்பவுமே ரெண்டு கூடச் சொல்லுது.”

ஃபைலில் இருப்பதற்குத்தான் மார்க் என்று சொல்லி அவளை ஃபெயிலாக்கினார் சீனி முகம்மது. வீட்டில் அவள் அய்யா சோணைமுத்து ஒரே பேச்சில் முடித்தார். இந்தத் தடவையும் தேறவில்லை என்றால் தொண்டிப் பக்கம் போக வேண்டாம், களத்தைப் பார்த்துக்கொண்டு கிட என்றார். அப்படியும் மறுபரீட்சைக்கு வந்து உட்கார்ந்ததும் முதலில் சுழியைத்தான் போட்டாள்.

அதற்குக் கீழே நாள்வாரியாக மூட்டைகளை அடித்துக் கூட்டல் பொத்தானை அமுக்கினாள். மனசில் 187. திரையில் 189. பின்னால் வந்து நின்ற சீனி முகம்மது மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உச்சியில் இருந்த இரண்டை இத்தனை நாளும் அவரும் ஒரு நாள் வரவு என்றே நினைத்திருந்தார். இன்று கேள்வித்தாளோடு ஒப்பிட்டதும் அது பிள்ளையார் சுழி என்று புரிந்து சிரித்துவிட்டார்.

“ஏம்மா, ஒங்க பிள்ளையாரு ரெண்டு மூட்டை கொண்டாந்து எறக்கிருக்காரு. அவரை அழிச்சிட்டுக் கூட்டு, பாஸு.”

“அழிக்க மாட்டேன் சார்.”

“ரம்ஜான் பீவியே பிஸ்மில்லாவுக்குப் போட்ட எழுநூத்தி எம்பத்தாறை அழிச்சிட்டுத்தான் பாஸானா. ஒனக்கு என்ன?”

பக்கத்து மிஷினில் இருந்த ரம்ஜான் பீவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது அவ இஷ்டம். இவரு எடத்தைவிட்டு எந்திரிக்க மாட்டாரு. ஃபெயில் போடுறதுன்னா போடுங்க.”

இன்னும் ஐந்து நிமிஷம்தான் என்று கடிகாரத்தைக் காட்டினார் அவர். பூமயில் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் இராமநாதபுரத்து எஸ்.டி.டி. நம்பரை அடித்தபோது, முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போனது. நம்பருக்கு முன்னால் மேற்கோள் குறி மாதிரி ஒற்றைக் கொக்கி போட்டால் மிஷின் அதை எழுத்து என்று எடுத்துக்கொள்ளும், பூஜ்யமும் நிற்கும், கூட்டலிலும் சேராது என்று சொல்லிக்கொடுத்தவர் இதே சீனி முகம்மதுதான்.

நடுக்கட்டத்துக்குப் போனாள். என்டருக்குப் பக்கத்தில் இருந்த கொக்கியைத் தட்டினாள். மறுபடியும் இரண்டு. என்டர்.

கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு, இடது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தது. கீழே 189 போய் 187 வந்தது.

சீனி முகம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரம்ஜான் பீவி கழுத்தை நீட்டி, “அது எந்தப் பொத்தானுடி?” என்றாள்.

பூமயில் கொக்கியைத் தொட்டுக் காட்டினாள். தன் பேரில் இருந்த ஃபைலைச் சேமித்தாள். மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து சீனி முகம்மது பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு, காலால் செருப்பைத் தேடினாள்.