பின் பல்கனியில் அம்மா

அம்பிட்டியவில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த மேல்மாடி வீட்டில், எனக்கென்று கிடைத்த இடம் பின் பல்கனி. ஒரு பழைய மேசை, ஒரு கதிரை, சுவரில் சாத்திவைத்த ஹார்ட்போர்ட் பலகைகள், சாரலுக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதைத்தான் ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமே இல்லை. கண்டி டவுனில் ஓர் அலுவலகத்தில் வாரம் முழுக்கக் கோப்பு அடுக்குகிறவள் நான். ஞாயிறு காலை அங்கே உட்கார்ந்து வரைகிற நான்கு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற நாட்களை எப்படியோ ஓட்டினேன்.

ஆனால் கண்டி மழைக்கு உடுப்புக் காயப்போடவும் அந்தப் பல்கனியை விட்டால் வேறு இடமில்லை. மருந்துக்கடையில் வேலை செய்யும் ஹட்டன்கார அக்கா எங்களில் மூத்தவள். மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர். டீச்சரின் சேலைகளெல்லாம் எண்ணெய்ச் சாய வாடை, வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்களாம். ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, அடுத்த மாதத்திலிருந்து பல்கனி உடுப்புக்குத்தான் என்று முடிவாயிற்று. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை போடக்கூட வழியில்லை.

போகிறதுதான் போகிறது, ஒரு படத்தையாவது ஒழுங்காக முடிப்போம் என்று மறுநாளே அம்மாவை வரைந்தேன். அம்மா நாவலப்பிட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்து முகத்தை மட்டும் போட்டேன். அப்பா போன பிறகு அம்மா பொட்டு வைப்பதில்லை, அதனால் நெற்றி வெறுமையாகவே வந்தது. பின்னணி போட எனக்குச் சரியாக வராது. கறுப்பை அப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், படம் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நெற்றியில் சந்தனப் பொட்டு. மேலே மல்லிகைச் சரம். கீழே என் கதிரையில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. செத்தவர்களின் படத்துக்கு எங்கள் வீடுகளில் செய்வதை ஒன்று விடாமல் செய்து வைத்திருந்தாள் அக்கா.

"அம்மா இல்லனு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே புள்ள," என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, நான் அம்மாவோடு பேசுவதெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான். அம்மா என்ற பேச்சையே அவர்கள் என் வாயிலிருந்து கேட்டதில்லை. இல்லையக்கா, அம்மா நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர் வந்து உடுப்புக்கொடியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். தாய் இருக்கிற இடத்தில் சேலை தொங்கவிடக்கூடாதாம், முன்னறையில் காயப்போட்டுக்கொள்ளலாமாம். "நீர் இஞ்சயே இருந்து படம் கீறும்," என்றார்.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. இடம் கிடைத்துவிட்டதே! அவர்கள் உள்ளே போனதும் பொட்டைத் துடைத்துப் பார்த்தேன். சாயம் காயவில்லை, சந்தனத்தோடு புருவமும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன், நாளைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அக்கா புதுச் சந்தனம் வைத்தாள், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றினாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வரைந்தேன். அங்கே வரைந்தது ஒன்றுகூட உருப்படவில்லை.

போன மாதம் கண் கிளினிக்குக்கு அம்மா கண்டிக்கு வந்தாள். முடிந்ததும் நான் வரைகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஃபோனிலேயே மூன்று தரம் சொல்லியிருந்தாள். வீட்டில் அக்காவுக்குக் காய்ச்சல், தொற்றிவிடும் என்று வாய் கூசாமல் சொன்னேன். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். நாவலப்பிட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்தேன். அம்மா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ மருந்து விட்ட கண்ணைத் துடைத்துக்கொண்டு, காய்ச்சல்காரிக்குக் கஞ்சி வைத்துக் கொடு என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவி நான், அதற்கும் தலையாட்டினேன்.

பஸ் கிளம்பும் நேரம் ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"ஊரு ஒலகத்தயெல்லாம் வரையிற. நான் உசுரோட இருக்கப்பவே என்னயும் ஒண்ணு வரைஞ்சிரு."

"சரிம்மா," என்றேன்.