படங்கில் சுற்றிய செங்கல்

சவுக்கு மரத்தில் ஏறிக் கிளை வெட்டும்போது விழுந்து என் முதுகெலும்பு முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தேன். பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் லயத்து வீட்டுச் சுவரே வியர்க்கும். இடுப்புக்குக் கீழே எனக்குக் குளிரும் கிடையாது, சூடும் கிடையாது. தொட்டுப் பார்த்த என் மனைவிக்குத்தான் கால் ஜில்லென்றிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதுபோல, அடுப்பில் செங்கல்லைச் சுட்டு, கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் சுற்றி, என் காலடியில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது.

“அடுப்பப் பாரு, ரொட்டி கருகுது!” என்று கத்தினேன்.

“அடுப்புல ஒன்னுமே இல்லீங்க.”

பிறகு கம்பளியைத் தூக்கினாள். படங்கு தீய்ந்து, என் குதிகால் தோல் உரிந்திருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தேன். பயத்தில் உடம்பு நடுங்கியது. அதுவும் இடுப்பு வரைக்கும்தான்.

“வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்று அழுதாள்.

“அழுதா வலிச்சிருமா? போடி!” என்று எரிந்து விழுந்தேன்.

புண் ஆற வெகுநாள் ஆயிற்று. ஒரு நாள் காலை அவள் மருந்து போடும்போது அந்தக் குதிகாலில் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வாயைத் திறந்து சொல்லி, நாளைக்கு அது இல்லாமல் போய்விட்டால்?

“வலிக்குதா?” என்று வழக்கம்போலக் கேட்டாள்.

“இல்ல” என்றேன்.